உப்பு, ஊதா, முடிவு: ஆய்வகச் சொற்களை ஒரே சோதனையில் கைவசமாக்க முழுமையான வழிகாட்டி

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி லேபுக்குள் வரும் பிள்ளைகள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, புத்தகத்தில் படித்த முகவை, நிறங்காட்டி, தரம் பார்த்தல் எதுவும் அங்கே யார் வாயிலும் வருவதில்லை. பீக்கர், இண்டிகேட்டர், டைட்ரேஷன் என்றுதான் பேச்சு. இதைப் பத்து நாளில் பிடித்துவிடலாம்.

இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. வீட்டில் புழங்குகிற தமிழ்ச் சொல்லையே லேபில் வேறு பொருளில் எழுத வேண்டியிருக்கிறது. தெரிந்த சொல் என்பதால் யாரும் அதன்மேல் சந்தேகப்படுவதில்லை. ரெக்கார்டு நோட்டைத் திருத்தும்போது நான் சிவப்பு மையில் சுழித்ததெல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சொற்கள்தான்.

கும்பகோணத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பில் துணையாக நின்றபோது முதலில் சொற்பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அப்புறம் ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, கை போகிற வரிசையிலேயே சொற்களைப் பிடிக்க வைத்தேன். அது நின்றது. அந்தச் சோதனை, அவரவர் வீட்டு போர் தண்ணீரின் கடினத்தன்மையை அளப்பது. கீழே இருப்பது அதே வரிசை.

1. உட்காரும் முன் என்னென்ன வேண்டும்

பொருட்கள்: 50 மி.லி. பியூரெட், 20 மி.லி. பிப்பெட், உறிஞ்சுவதற்கு ரப்பர் பல்பு, கூம்புக் குடுவை, ஸ்டாண்டு, வெள்ளை ஓடு அல்லது வெள்ளைத் தாள். கரைசல்கள்: 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. (கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் சேர்மம்; அது எவ்வளவு செலவாகிறது என்பதை வைத்துத்தான் கணக்கு), பிஎச் 10 உள்ள அம்மோனியா – அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசல், எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி, வாலை வடிநீர். தாங்கல் கரைசலை லேபில் பஃபர் என்பார்கள், வாலை வடிநீரை டிஸ்டில்டு வாட்டர் என்பார்கள்.

வாலை வடிநீருக்குப் பதில் கேன் தண்ணீரை ஊற்றாதீர்கள். குடிக்க நல்ல தண்ணீர்தான், ஆனால் அதிலும் கொஞ்சம் கால்சியம் இருக்கும். நாம் அளக்கப் போவதே அதைத்தான்.

இன்னொன்று, ஒரு நாற்பது பக்க நோட்டு. பக்கத்தை நாலு பத்தியாகக் கோடு போடுங்கள்: புத்தகச் சொல், லேபில் சொல்வது, கை என்ன செய்கிறது, ரெக்கார்டில் எழுதும் வாக்கியம். மூன்றாவது பத்தியை நிரப்பாமல் நாலாவதுக்குப் போகக் கூடாது. செய்கை தெரியாமல் எழுதிய வாக்கியம் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

2. நோக்கத்தை எழுதுங்கள், 'உப்பு' என்று எழுதாதீர்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் நோக்கத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். எதை அளக்கிறோம் என்று இங்கே தெளிவில்லாவிட்டால் கடைசியில் கணக்கு எந்த அலகில் வர வேண்டும் என்பதே தெரியாது.

பத்துப் பேரை எழுதச் சொன்னால் ஆறு பேர் "தண்ணீரில் உள்ள உப்பின் அளவைக் காணல்" என்று எழுதுவார்கள். டெல்டாவில் அப்படித்தானே பேசுகிறோம்! சோப்பு நுரைக்காவிட்டாலும் உப்புத் தண்ணி, பருப்பு வேகாவிட்டாலும் உப்புத் தண்ணி, வேதாரண்யம் பக்கம் வாயில் வைக்க முடியாமல் கரித்தாலும் உப்புத் தண்ணி.

லேபில் இவை வேறு வேறு. நுரை வராததற்குக் காரணம் கால்சியம், மக்னீசியம் அயனிகள். அதன் பெயர் கடினத்தன்மை, லேப் பேச்சில் ஹார்ட்னஸ். நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. அதற்குக் குளோரைடு அளக்கும் சோதனை தனியாக இருக்கிறது. இது போதாதென்று, அமிலமும் காரமும் சேர்ந்து உண்டாகும் எந்தச் சேர்மத்துக்கும் வேதியியலில் உப்பு என்றே பெயர். கடினமான நீர் கரிக்க வேண்டும் என்பதில்லை. இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும் தண்ணீர் குடிக்க இனிப்பாகவே இருக்கலாம்.

ஆகவே நோக்கம் இப்படி: "கொடுக்கப்பட்ட நீர் மாதிரியின் மொத்தக் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. முறையில் தரம் பார்த்து அறிதல்."

3. மாதிரி எடுத்தல்

மாதிரி என்றால் லேபில் சாம்பிள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கைபம்போ மோட்டாரோ, சில நிமிடம் தண்ணீரை ஓட விட்டு, பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, பிறகு நிரப்புங்கள். குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் பூமிக்குள் இருக்கும் தண்ணீரைக் காட்டாது.

பாட்டிலின் மேல் ஊர், நீர் ஆதாரம், ஆழம், நாள், நேரம் எழுதி ஒட்டுங்கள். எல்லாரும் விடுவது நாளைத்தான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறது. ஆறும் வாய்க்காலும் ஓடத் தொடங்கினால் கரையோர போர்களில் ஊற்று மாறும். ஏப்ரல் மாதத் தண்ணீரும் செப்டம்பர் மாதத் தண்ணீரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நாள் எழுதாத பாட்டிலை நான் வாங்குவதில்லை.

4. வினைச்சொற்களை முதலில் பிடியுங்கள்

கருவியின் பெயர் மறந்தால் விரலால் காட்டிச் சமாளிக்கலாம். செய்கைச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் சோதனையே தப்பு. அதனால் பெயருக்கு முன் வினை.

கழுவுதல் என்பது அழுக்குப் போகத் தேய்ப்பது. அலசுதல் என்பது சுத்தமான பாத்திரத்துக்குள் கொஞ்சம் திரவத்தை விட்டுச் சுழற்றிக் கொட்டுவது. எதை எதனால் அலசுவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள்:

பியூரெட்டை ஈ.டி.டி.ஏ. கரைசலால் அலசுங்கள். உள்ளே தண்ணீர்த் துளி இருந்தால் கரைசல் நீர்த்துவிடும், ரீடிங் கூடும்.

பிப்பெட்டை நீர் மாதிரியால் அலசுங்கள். அதில் தண்ணீர் தங்கினால் மாதிரி நீர்த்து, ரீடிங் குறையும்.

கூம்புக் குடுவையை வாலை வடிநீரால் மட்டும் அலசுங்கள். இங்கேதான் கை தானாக மாதிரித் தண்ணீரை எடுக்கும். அப்படிச் செய்தால் குடுவையில் 20 மி.லி.க்கு மேல் மாதிரி இருக்கும். வாலை வடிநீர் உள்ளே ஒட்டியிருந்தால் பாதகமில்லை. நாம் எண்ணுவது உள்ளே போன கால்சியத்தின் அளவை, தண்ணீரின் அளவை இல்லை.

அடுத்து மூன்று சொற்கள் நம் சமையலறையிலும் வயலிலும் இருந்தே வந்தவை. தெளிய வைத்து மேல் தண்ணீரை மட்டும் சாய்த்து எடுத்தால் இறுத்தல். தாள் வழியாகவோ துணி வழியாகவோ ஊற்றினால் வடிகட்டல். அடியில் தங்கியதை மட்டும் எச்சரிக்கையோடு எழுத வேண்டும். மண், தூசு முன்பே கலங்கலாக இருந்து கீழே அமர்ந்தால் அது வண்டல். காவிரி கொண்டுவந்து நம் வயலில் சேர்ப்பது அதுதான். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த ஒன்று கரையாத பொருளாக மாறிப் பிரிந்தால் அது வீழ்படிவு. இட்லிப் பானைப் பொருக்கு வீழ்படிவு.

கரைதல், உருகுதல் இரண்டையும் மாற்றி எழுதுவதும் உண்டு. சர்க்கரை தண்ணீரில் கரைகிறது, ஐஸ் உருகுகிறது. பேச்சில் கலந்தடித்துவிடுவோம், ரெக்கார்டில் கூடாது.

5. தரம் பார்த்தல்

பியூரெட்டில் ஈ.டி.டி.ஏ.வை நிரப்பி, குழாய் நுனியில் காற்றுக் குமிழி இல்லாமல் கொஞ்சம் வடிய விடுங்கள். குமிழி நடுவில் வெளியேறினால் அந்த இடத்தைக் கரைசல் அடைத்துக்கொள்ளும், குடுவைக்குள் விழாத அளவும் கணக்கில் ஏறும்.

பிப்பெட்டால் 20 மி.லி. மாதிரியைக் குடுவைக்குள் விடுங்கள். உறிஞ்சுவதற்கு ரப்பர் பல்பு; வாயால் உறிஞ்சுவது எந்தக் கரைசலுக்கும் வேண்டாம். நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது. குடுவையின் சுவரில் நுனியைத் தொட்டு எடுத்தால் போதும், அந்தத் துளியைக் கழித்துத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

தாங்கல் கரைசல் 2 மி.லி., நிறங்காட்டி இரண்டு மூன்று சொட்டு. இந்த வரிசை மாறக் கூடாது. நிறங்காட்டி தெளிவாக நிறம் மாறுவதற்கு பிஎச் 10 அளவில் இருக்க வேண்டும். தாங்கல் கரைசலை விட்ட பிறகு ஐந்து நிமிடத்துக்குள் வேலையை முடியுங்கள். அந்தக் காரத்தன்மையில் கால்சியம் கார்பனேட்டு வீழ்படிவாகப் பிரியத் தொடங்கலாம். பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது நிறம். கையேட்டில் "ஒயின் சிவப்பிலிருந்து நீலம்" என்று இருக்கும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒயினைப் பார்த்ததில்லை. பீட்ரூட் வேகவைத்த தண்ணீரில் நிறையத் தண்ணீர் கலந்தால் வருகிற நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வர வேண்டியது, வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்ட வாளித் தண்ணீரின் நிறம்.

நடுவில் ஒரு நிறம் இருக்கிறது. அதில்தான் கதை. ஒரு பெண் பிள்ளை பியூரெட் குழாயை மூடிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"சார், ஊதா வந்துடுச்சு."

"ஊதாவா, நீலமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்."

அவள் வீட்டில் ஒன்றுதான். பாவாடை நீலமாக இருந்தாலும் ஊதா கலரு, கத்தரிப்பூ நிறமாக இருந்தாலும் ஊதா கலரு. லேபில் ஊதா என்றால் சிவப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை என்று பொருள். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓட்டை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஓரத்தில் சிவப்புச் சாயல் தெரிந்தது. ஒரு சொட்டு, சுழற்றல். இன்னொரு சொட்டு, சுழற்றல். மூன்றாவது சொட்டில் சிவப்பு சட்டென்று விலகிச் சுத்த நீலம் நின்றது. அந்த மூன்று சொட்டு கிட்டத்தட்ட 0.15 மி.லி. கீழே கணக்கில் பார்த்தால் லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம்.

நீலம் நின்ற அந்த இடத்துக்கு முடிவு நிலை என்று பெயர், லேபில் எண்ட் பாயிண்ட். குடுவையைச் சுழற்றுவதும் குலுக்குவதும் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டால் வட்டமாகச் சுழற்றுங்கள். குலுக்கினால் சுவரெல்லாம் தெறித்து, தெறித்த துளி வினையில் சேராது.

6. ரீடிங் எடுத்தல்

பியூரெட்டில் திரவத்தின் மேல்பரப்பு பிறை போல் வளைந்திருக்கும், அதன் பெயர் பிறைத்தளம். அடிப் பகுதி தொடும் கோட்டைப் படியுங்கள். கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் ரீடிங் குறைவாகவும் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் கூடுதலாகவும் தெரியும். இது இடமாறு தோற்றப் பிழை. உயரம் போதாதவர்கள் ஸ்டூலில் ஏறக் கூச்சப்படுகிறார்கள். ஏறுங்கள், அல்லது பியூரெட்டை ஸ்டாண்டில் இறக்குங்கள்.

கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு மீச்சிற்றளவு. 50 மி.லி. பியூரெட்டில் வழக்கமாக அது 0.1 மி.லி. எனவே 8.4 என்று எழுதலாம், 8.437 என்று எழுதினால் அது கால்குலேட்டர் சொன்னது.

முதல் தடவை வேகமாக விட்டு உத்தேச அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு நிதானமாக இரண்டு, மூன்று முறை. 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் இரண்டு அளவுகள் கிடைக்கும்வரை விடக் கூடாது. லேபில் இதைக் கன்கார்டன்ட் வேல்யூ என்பார்கள். ஒத்த அளவு என்று எழுதினால் புரியும்.

பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த துல்லியத்தன்மை, நுட்பம் இரண்டும் இங்கேதான் உயிர் பெறுகின்றன. மூன்று முறையும் 8.6 வருகிறது, ஆனால் உண்மை 8.4. பியூரெட்டை ஈ.டி.டி.ஏ.வால் அலச மறந்தால் இப்படி நடக்கும். அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, அது நுட்பம். உண்மையிலிருந்து விலகியிருக்கின்றன, எனவே துல்லியத்தன்மை இல்லை. பேச்சில் இரண்டுக்கும் "கரெக்டா வருது" என்றே சொல்லிவிடுகிறோம்.

7. காண்பன, அறிவன, முடிவு

கணக்கு எளிது. 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. 1 மி.லி. என்பது 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். உதாரணமாக 20 மி.லி. மாதிரிக்கு 8.4 மி.லி. செலவானால், 20 மி.லி.யில் 8.4 மி.கி.; ஒரு லிட்டருக்கு 50 மடங்கு, அதாவது 420 மி.கி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 200 மி.கி. என்கிறது, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை.

எழுதும்போது மூன்று கட்டங்களைக் கலக்காதீர்கள். "கால்சியம் இருப்பதைக் கண்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கால்சியத்தை யாரும் காணவில்லை. கண்டது சிவப்பு நீலமானது, அது காண்பன. அதிலிருந்து தெரிந்துகொண்டது அறிவன.

'முடிவு' இதைவிடக் குழப்பம். முடிவு நிலை என்பது நிறம் மாறிய கணம். முடிவு என்று ரெக்கார்டின் கடைசியில் எழுதுவது 420 மி.கி. என்ற விடை. "முடிவு: 8.4 மி.லி." என்று எழுதி மார்க் இழந்தவர்கள் நிறையப் பேர்.

நிறமற்ற, தெளிந்த, வெள்ளை மூன்றும் வேறு. தண்ணீரை "வெள்ளைக் கரைசல்" என்று எழுதாதீர்கள், பால்தான் வெள்ளை. தண்ணீர் நிறமற்றது. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் நீல நிறம், ஆனால் தெளிந்தது.

8. இனி ஒரு கேள்வி கேளுங்கள்

இதுவரை செய்தது அளவீடு. ஆய்வு என்று சொல்ல ஒரு கேள்வி வேண்டும். கொதிக்க வைத்தால் இந்தத் தண்ணீரின் கடினத்தன்மை குறையுமா? "குறையும்" என்று முன்கூட்டியே எழுதி வைப்பது கருதுகோள். தப்பாகிப் போனாலும் அழிக்கக் கூடாது.

நாம் மாற்றுவது கொதிக்க வைத்தல், அது சாரா மாறி. அதனால் மாறுவது கடினத்தன்மை, அது சார்ந்த மாறி. மாறாமல் பிடித்து வைக்க வேண்டியவை: அதே பாட்டில் தண்ணீர், அதே கரைசல்கள், அதே ஆள். கொதிக்க வைக்காத பங்கு ஒப்பிடுவதற்கு, லேபில் அதைக் கண்ட்ரோல் என்பார்கள். மாதிரிக்குப் பதில் வாலை வடிநீரை வைத்து ஒரு முறை செய்து பார்ப்பது வெற்றுச் சோதனை, அதாவது பிளாங்க். நம் கரைசல்களிலேயே கடினத்தன்மை ஒளிந்திருக்கிறதா என்று அது காட்டிக்கொடுக்கும்.

100 மி.லி. மாதிரியை இருபது நிமிடம் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டுங்கள். கரைந்திருந்த பைகார்பனேட்டுகள் சிதைந்து கார்பனேட்டு வீழ்படிவாகத் தாளில் தங்கும். போனது தற்காலிகக் கடினத்தன்மை, தங்கியது நிலைத்த கடினத்தன்மை.

ஒரு தடவை ஒரு குழுவுக்குக் கொதித்த பிறகு கடினத்தன்மை கூடியிருந்தது. கருதுகோள் தப்பு என்று எழுதத் தயாராகிவிட்டார்கள். வடிகட்டிய தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன்: அறுபது மி.லி.கூட இல்லை. மற்றது ஆவியாகிவிட்டது, இருந்த அயனிகள் குறைந்த தண்ணீருக்குள் நெருங்கிக்கொண்டன. வடிகட்டிய பிறகு வாலை வடிநீர் சேர்த்து மீண்டும் 100 மி.லி. ஆக்க வேண்டும். இந்த ஒரு வரி பல கையேடுகளில் இல்லை.

9. ரெக்கார்டில் எழுதும் தமிழ்

கையேடு கட்டளையாகப் பேசும்: "சேர்க்கவும், சுழற்றவும்." அதை அப்படியே ரெக்கார்டில் இறக்காதீர்கள். நீங்கள் செய்து முடித்ததைச் சொல்கிறீர்கள், எனவே இறந்த காலம்: "20 மி.லி. நீர் மாதிரி கூம்புக் குடுவையில் எடுக்கப்பட்டது. 2 மி.லி. தாங்கல் கரைசல் சேர்க்கப்பட்டது."

'கொஞ்சம்', 'நல்லா', 'கொஞ்ச நேரம்' என்ற சொற்களைக் கண்டால் அவற்றின் இடத்தில் எண்ணையும் அலகையும் போடுங்கள். போட முடியாவிட்டால் செய்யும்போது அளக்கவில்லை என்று பொருள். திரும்பப் போய் அளந்துவிட்டு வாருங்கள்.

முகவை என்று எழுதுவதா, பீக்கர் என்று எழுதுவதா? ரெக்கார்டில் எதையாவது ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை. வைவாவில் கேட்பவர் எந்தச் சொல்லில் கேட்கிறாரோ அந்தச் சொல்லில் பதில். எனக்கு முகவைதான் பிடிக்கும், ஆனால் கேட்டவருக்குப் புரியாமல் மார்க்கை விடுவதில் அர்த்தம் இல்லை.

10. அடுத்து, வயல் மண்

இந்தச் சோதனையை இரண்டு முறை முழுசாகச் செய்தவர்கள் மண்ணின் பிஎச் அளப்பதற்குப் போகலாம். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில், வரப்போரம், எருக்குவித்த இடம், மரத்தடி தவிர்த்து, நெல்லுக்கு மேல் மண் 15 செ.மீ. ஆழம்வரை எடுத்துக் கலக்க வேண்டும். நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி, அரைக் கிலோ அளவுக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, 20 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. வாலை வடிநீர்.

நோட்டில் புதிதாக ஏறும் சொற்கள் அங்கே கம்மிதான். சலித்தல், உலர்த்தல், கலக்கல் எல்லாம் வீட்டுச் சொற்களே. ஒன்றை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உப்பு பூத்த மண்ணையெல்லாம் ஊரில் உவர் என்போம். லேபில் உவர் மண் வேறு, களர் மண் வேறு. உவர் மண்ணில் கரையும் உப்புகள் அதிகம், அதை மின்கடத்துதிறன் காட்டும். களர் மண்ணில் சோடியம் மண் துகளோடு ஒட்டியிருக்கும், பிஎச் 8.5-க்கு மேல் போகும். முதலாவதை நல்ல தண்ணீர் விட்டு வடித்தே சரிசெய்யலாம், இரண்டாவதுக்கு ஜிப்சம் வேண்டும்.